வெறுங்காலோடு நீங்கள் நின்ற வரிசை

பாவா,

பத்து நாளைக்கு முன்னால் பள்ளிப்பட்டில் பஸ் மாறி ஆந்திரா எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரத்தில் ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்து முகத்தில் மோதியது. பழுத்து, பழுத்ததையும் தாண்டிப் புளிக்கத் தொடங்கிவிட்ட பெங்களூரா மாங்காயின் வாசனை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் "அய்யே, இன்னா நாத்தம்க்கா" என்று துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் எட்டிப் பார்த்தேன். ஜூஸ் பேக்டரி கேட் வரைக்கும் ரோட்டோரமாக டிராக்டர்கள். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து சாறு ஒழுகி ரோடெல்லாம் பிசுக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் ஏழு நாள் நின்ற அதே வரிசை. இந்தத் தடவை அதில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். செருப்பில்லாமல்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை அவளிடம் சொல்லியாக வேண்டும் என்ற முடிவோடு. "வாய தொறக்காத" என்று நீங்கள் என்னிடம் சொல்லிவிட்டுப் போனதை மீறப்போகிறேன் என்று பஸ்ஸிலேயே உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். உங்கள் காதில் விழுந்ததோ என்னவோ. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

அக்காவைக் கட்டிக்கொண்டு நீங்கள் எங்கள் வீட்டு மாப்பிள்ளையாக வந்தபோது எனக்குப் பாவாடை சட்டை போடுகிற வயசு. எட்டாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருப்பேன். பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்தே தெலுங்கு எழுத்தும் கற்றுக்கொண்டேன். "இவளுக்கு மளிகை சாமான் கட்டிகினு வர பேப்பர்தான்யா பள்ளிக்கூடம்" என்று நீங்கள் கேலி பண்ணுவீர்கள். எனக்குக் கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்த பிறகு, அவர் விடியற்காலை ரயிலைப் பிடித்து மெட்ராசுக்கு வேலைக்குப் போய்விடுவார். எங்கள் பங்குக்கு வந்த மாந்தோப்பையும் உங்கள் தோப்போடு சேர்த்து நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள். எந்த வாரம் பூத்தது, எப்போது மருந்து அடித்தது, எந்த மழையில் பிஞ்சு கொட்டியது என்று நோட்டில் எழுதி வைப்பது மட்டும் என் வேலை.

அதே நோட்டின் பின்பக்கத்தில்தான் உங்கள் சர்க்கரையும் ஏறியது. மாதம் ஒருமுறை திருத்தணிக்கு வந்து ரத்தப் பரிசோதனை முடித்துவிட்டு, எங்கள் வீட்டில் இட்லி சாப்பிடுவீர்கள். ஒரு தடவை டாக்டர் உங்கள் உள்ளங்காலில் ஒரு நைலான் நரம்பை வைத்து "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். பாதி இடத்தில் உங்களுக்குத் தெரியவில்லை. வெளியே வந்து, டாக்டர் சொன்னதையெல்லாம் நான் எழுதிக்கொண்டேன். முதல் வரியே அதுதான். 'வீட்டுக்குள்ளேயும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது.' அன்று இட்லி சாப்பிடும்போது உங்களுக்கும் அக்காவுக்கும் அதை உரக்கப் படித்துக் காட்டினேன். என் கையெழுத்து, பாவா. இன்றைக்கும் இருக்கிறது.

அந்த வருஷம் மரத்துக்குக் காய் அப்படிப் பிடித்திருந்தது. கிளைக்கு முட்டுக் கொடுத்தீர்கள். ஆனால் காய் திரளும்போதே பேச்சு வேறு மாதிரி அடிபட்டது. எங்கேயோ சண்டை, செங்கடலில் கப்பலைச் சுடுகிறார்கள், நம் பக்கத்து மாங்கூழ் போகிற வழி அதுதான் என்றார்கள். என் பெண்ணின் அட்லஸை விரித்து உங்களுக்கு விரலால் காட்டினேன். இது நம்ம கடல், இப்படிப் போய், இந்த வாசலில் நுழைந்து, இந்தக் கால்வாயில் ஏறினால் அந்தப் பக்கம் ஐரோப்பா. நீங்கள் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்:

"இம்மாத்துண்டு சந்துக்கா இத்தினி கலாட்டா? நம்ம பஜார் சந்து இத்த வுட அகலம் கொழுந்தியா."

"அந்தச் சந்துல போவ முடியலன்னா ஆப்பிரிக்காவையே சுத்திகினு போவணும் பாவா."

"சுத்திகினு போவட்டும். மாங்காவுக்கு இன்னா, டிரம்முல தான கீது. கால் வலிக்கப் போவுதா?"

கப்பல் சுற்றிக்கொண்டுதான் போனது. ஆனால் அந்தச் சுற்று நம் தோப்பு வரைக்கும் வந்து முடியும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஆனி மாசக் கிருத்திகைக்கு நான் மலை ஏறினேன். பேக்டரி எப்போது காய் எடுக்கும் என்று யாரும் சொல்லவில்லை; நீங்களோ அறுத்தாக வேண்டிய கட்டத்தில் இருந்தீர்கள். விட்டால் மரத்திலேயே பழுத்துவிடும். கூழுக்குப் போகிற காய்க்குப் பேக்டரியை விட்டால் வேறு நாதி இல்லை. அக்காவும் நீங்களும் படுகிற பாடு எனக்குத் தாங்கவில்லை. படி ஏறி முடிக்கும்போது என் வாயில் வந்துவிட்டது. முருகா, அறுக்கிற முதல் லோடு நல்லபடியாக இறங்கட்டும். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் பாவா உனக்குப் பூக்காவடி எடுப்பார். லோடு இறங்குகிற வரை காலில் செருப்புப் போட மாட்டார்.

மனைவி புருஷனுக்காக வேண்டிக்கொள்வாள், தாய் பிள்ளைக்காக மொட்டை வேண்டிக்கொள்வாள். நம் பக்கத்தில் யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. நான் உங்களுக்காக வேண்டிக்கொண்டேன். நோட்டில் எழுதியதை மறந்துவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். மறக்கவில்லை. சாமி விஷயத்தில் டாக்டர் பேச்சு செல்லாது என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

மலையிலிருந்தே போன் போட்டேன். நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"ஏம்மா, வேண்டிகினது நீ, நடக்கறது நானா? நல்லா கீதே உன் நாயம்!"

"வேணாம்னா சொல்லுங்க பாவா, நான் சாமிகிட்ட மாத்திக்கறேன்."

"ஆங், அது இன்னா ரேஷன் கார்டா மாத்தறதுக்கு? வாய்ல வந்தது வந்துச்சு. உங்கக்காகிட்ட மட்டும் சொல்லிகினு இருக்காத. சக்கர, சக்கரன்னு என்னைத் தின்னுப்புடுவா. நானே வேண்டிகினேன்னு சொல்லிக்கறேன்."

செருப்பைத் தோப்பிலேயே கழற்றிவிட்டு டிராக்டரில் ஏறினீர்கள்.

மூன்றாம் நாள் சோறும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு நான் வரிசைக்கு வந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கேட்டில் தெலுங்கில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நம் பக்கத்து ஆட்கள் அதைச் சுற்றி நின்று ஆளுக்கொரு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "தள்ளுங்கப்பா, எங்க கொழுந்தியா படிக்கும்" என்று வழிவிடச் சொன்னீர்கள். படித்தேன். கிடங்கில் இடமில்லை, டோக்கன் உள்ள வண்டியை மட்டும் இடம் காலியாக ஆக உள்ளே விடுவோம், அதுவரை புதிதாகக் காய் அறுக்க வேண்டாம் என்று போட்டிருந்தது. "அறுத்து மூணு நாளாச்சு, இப்ப வந்து அறுக்காதன்றான்" என்று யாரோ காறித் துப்பினார்.

எடைமேடைக்காரர் நல்ல மனுஷன். கேட் கம்பி வழியாகவே நமக்கு விளக்கினார். கப்பல் சுற்றிப் போவதால் வாடகை ஏறிப்போச்சு. கன்டெய்னர் போனால் திரும்பி வர நாளாகிறது. அந்தப் பக்கம் வாங்குகிறவன், முன்னே அனுப்பினதே இன்னும் கடலில் இருக்கிறது, புதுசு அனுப்பாதே என்கிறான். டிரம் நகர்ந்தால்தான் கிடங்கு காலியாகும். கிடங்கு காலியானால்தான் மிஷின் ஓடும். பாதி மிஷினை நிறுத்தி, காய் நறுக்க வந்த பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். உள்ளூர் ஜூஸ் கம்பெனிகளுக்கு வந்த விலைக்குக் கொஞ்சம் தள்ளிவிடுகிறார்களாம். "மேமு கூட ஏம் சேஸ்தாம்மா" என்றார். நாங்களும்தான் என்ன செய்வோம் என்று.

நீங்கள் அவரைப் பார்த்து, "அங்க குண்டு போடறவனும் நம்ம ஜூஸ குடிச்சவனாத்தான் இருப்பான். ஒரு மாசம் இதைக் குடிக்காம இருந்தா தானா நிறுத்திடுவான்" என்றீர்கள். பசியும் புழுதியுமாக நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. உச்சி வெயில். வண்டி நகரும்போது இறங்கி நடந்தவர்கள், செருப்புப் போட்டிருந்தும்கூட, தார் ரோட்டைத் தவிர்த்து ஓரமாகப் போனார்கள். செருப்பு அறுந்துபோன ஒருவர் "ஸ்ஸ் அப்பா" என்று குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடினார். நீங்கள் நடு ரோட்டில், வெறுங்காலோடு, கோயில் பிராகாரத்தில் நடப்பதுபோல் நிதானமாக நடந்து வந்தீர்கள்.

"இன்னா பெர்சு, சுடலியா?"

"சுடவே இல்லப்பா. அவன் காலுக்கடில நெழல் போட்டுகினே வரான்."

அந்தக் குதித்தவர் வந்து உங்கள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாரோ "அரோகரா" என்றார்கள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், பாவா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வேண்டுதலை முருகன் ஏற்றுக்கொண்டான், இதோ அடையாளம் காட்டிவிட்டான் என்று. நைலான் நரம்பு வைத்து டாக்டர் காட்டியதும் இதே கால்தான், இதே தெரியாமைதான் என்று எனக்கு உறைக்கவில்லை. அந்த வரிசையில் அதை அறிந்தவள் நான் ஒருத்திதான். அந்த நான்தான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

ஏழாம் நாள் உங்கள் வண்டி கேட்டுக்கு வந்தது. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். பாதிக்கு மேல் பழுத்து நசுங்கிவிட்டது. நான்கைந்து பெட்டியைத் தவிர மற்றதையெல்லாம் ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வந்தீர்கள். அந்த நான்கைந்து பெட்டியைப் பிழிந்து, வெல்லம் போட்டு, பாயில் அடை அடையாகத் தடவி, தாண்ட்ரா காய வைத்தோம், அக்காவும் நானும். "கப்பல்ல போவ வேண்டியது நம்ம மொட்ட மாடில காயுது பாரு" என்று கட்டிலில் சாய்ந்தபடி சொன்னீர்கள். லோடு இறங்கவில்லை, அதனால் செருப்புப் போடவும் மாட்டேன் என்றீர்கள். அன்று சாயந்தரம் அக்கா உங்கள் காலைக் கழுவ உட்கார்ந்தாள். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தவள் கத்திய கத்தலில் மாடியிலிருந்து நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தோல் முழுக்கக் கொப்பளித்து உரிந்து, உள்ளே மண்ணும் மாங்காய்ப் பிசுக்கும் ஏறிக் கறுத்திருந்தது. நீங்கள் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டீர்கள்.

முதலில் விரல்களை எடுத்தார்கள். அப்புறம் பாதத்தை. அதற்கும் மேலே ஏறிவிட்டது என்றார்கள். அக்கா ஆஸ்பத்திரி வாசலில் எல்லாரிடமும் சொல்லி அழுதாள்: "யாரைக் கேட்டு இந்த மனுசன் இப்பிடி வேண்டிகினாரு? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாரா?" நான் அவள் பக்கத்திலேயே நின்றேன். உள்ளே வந்து உங்களிடம் "சொல்லிடறேன் பாவா" என்றபோது காய்ச்சலில் கண் திறக்காமலே சொன்னீர்கள்: "வாய தொறக்காத. எனக்கப்பறம் அவளுக்குன்னு நீ ஒருத்திதான் கீற. அதையும் கெடுத்துக்காத."

ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால் நீங்கள் போய்விட்டீர்கள். ஊரெல்லாம் மஞ்சள் வேட்டியும் பூக்காவடியுமாக எதிரே வர, நாங்கள் உங்களை எடுத்துக்கொண்டு பள்ளிப்பட்டு வீட்டுக்குப் போனோம்.

அதற்கப்புறம் ஒருநாள் பேப்பரில் படித்தேன். போரினால் கடல்வழி அடைபட்டாலும் ஏற்றுமதியாளர்கள் மாற்றுப்பாதை கண்டுபிடித்துச் சமாளித்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தது. பொய் இல்லை. அப்படித்தான் நடந்தது. கப்பல்காரன் வாடகையை ஏற்றிச் சமாளித்தான். வாங்குகிறவன் வாங்காமல் சமாளித்தான். பேக்டரி கேட்டை மூடிச் சமாளித்தது. கேட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கு நஷ்டத்தைத் தள்ளிவிட யாரும் இல்லை, காய் மட்டும்தான் இருந்தது. அந்தப் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். திரும்ப எடுக்கவில்லை.

இந்த வருஷம் வேறொரு சண்டை, வேறொரு கடல். டிரம்மெல்லாம் மறுபடி தேங்கிவிட்டது. உங்களுக்கப்புறம் தோப்பை அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். நன்றாகவே பார்க்கிறாள். அவளுக்கும் இப்போது சர்க்கரை, போன தையிலிருந்து. பஸ் ஏறிய அன்றைக்குக் காலையில் சாதாரணமாகத்தான் போன் பண்ணினேன்.

"எங்கக்கா கீற?"

"லைன்லதான்டி. ரெண்டு நாளா. கால்ல ஒண்ணும் போடல, அதான் நெழலா பாத்து குந்திகினு கீறேன்."

"ஏங்க்கா?"

"உங்க பாவா வேண்டிகினது பாக்கி கீதே. அந்த மனுசன் வேண்டுதல முடிக்காம போனதாலதான் திரும்பவும் இப்பிடி ஆவுது. இந்த லோடு எறங்கற வரிக்கும் நான் போட மாட்டேன்."

போட்டது போட்டபடி கிளம்பினேன்.

டிராக்டரின் நிழலில் அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னாடி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற? சோறு எடுத்தாந்தியா?" என்றாள். நான் எதிரே மண்ணில் உட்கார்ந்துகொண்டேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

"அக்கா, அந்த வேண்டுதல் பாவா வேண்டிகினது இல்ல. நான் வேண்டிகினது."

அவளுக்கு முதலில் புரியவில்லை. மலையில் வாயில் வந்ததையும், போன் போட்டதையும், நீங்கள் சிரித்ததையும், வாயைத் திறக்காதே என்றதையும் வரிசையாகச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் சொன்னத நோட்ல எழுதுனது யாரு?"

"நான்தான்."

"செருப்பு இல்லாம நடக்கக் கூடாதுன்னு எனக்கு படிச்சுக் காட்டுனது?"

"நான்தான்க்கா."

"அதுக்கப்பறம் போயி வேண்டிகின."

"ஆமா."

முன்னால் வண்டிகள் நகர்ந்தன. பின்னாலிருந்து "யம்மா, வண்டிய எடுக்கச் சொல்லு" என்று குரல் வந்தது. டிரைவர் ஏறி எடுத்தான். அக்கா எழுந்து பக்கத்தில் நடந்தாள், தார் ரோட்டில். நான் ஓடிப்போய் என் செருப்பைக் கழற்றி அவள் காலுக்கு முன்னால் போட்டேன். அவள் நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலை உள்ளே நுழைத்துக்கொண்டாள். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பாமலே சொன்னாள்:

"எனக்காக இனிமே சாமிகிட்ட ஒண்ணும் கேக்காத."

லோடு மறுநாள் இறங்கிவிட்டதாம், வந்த விலைக்கு. டிரைவர்தான் போனில் சொன்னான். அக்கா பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை.

நேற்று கிருத்திகை. மலை ஏறினேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு குருக்கள் வழக்கம்போல "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். எத்தனை வருஷமாக ஒரே மூச்சில் சொல்லி வருகிறேன். அவர், பெண், நீங்கள், அக்கா. நீங்கள் போனதிலிருந்து உங்கள் பேர் வருகிற இடத்தில் மூச்சை இழுத்துவிட்டு அக்காவின் பேருக்குப் போய்விடுவேன். நேற்று வாயைத் திறந்தேன். யார் பேரைச் சொன்னாலும் அவர்களுடைய கால்தான் கண்ணுக்குத் தெரிந்தது. பின்னால் கூட்டம் தள்ளிக்கொண்டிருந்தது.

"யார் பேருக்கும்மா?" என்றார் மறுபடி.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றேன்.